கூண்டும் சாயமும்: ஜாவாச் சாலையில் ஒரு கொங்குப் பேருந்து

ஜாவாத் தீவின் நெல்வயல்களுக்கு நடுவே செல்லும் சாலையொன்றில், நெற்றியில் ‘கோவை - பொள்ளாச்சி’ என்ற தமிழ்ப் பலகையைத் தாங்கிய தனியார் பேருந்து ஒன்று விரைந்துகொண்டிருக்கிறது. வழிநெடுகக் கடைப் பெயர்கள் இந்தோனேசிய மொழியில். எதிரே வருவன அந்நாட்டு லாரிகள். பேருந்தை ஓட்டுபவரோ சூலூரிலோ தாராபுரத்திலோ தம் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர். இந்தோனேசியாவின் மாலியோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்னும் கைப்பேசி ஆட்டத்தில் நாள்தோறும் நிகழும் காட்சி இது. வண்டியின் புறத்தோற்றத்தை ஆடுவோரே மாற்றிக்கொள்ள அதனை ஆக்கியோர் வழி விட்டார்கள். அந்த வழியாகக் கேரளத்துச் சுற்றுலாப் பேருந்துகளும், தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும், நம் கொங்குநாட்டுத் தனியார் வண்டிகளும் ஜாவாவுக்குள் புகுந்துவிட்டன.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவது எளிது. இலக்கிய இதழ்களையே படித்துப் பழகிய நமக்கு அது இன்னும் எளிது. ஆயினும் கொங்குநாட்டின் நூறாண்டு மோட்டார் வரலாற்றைச் சற்றேனும் அறிந்தோர்க்கு இக்காட்சி ஒரு கேள்வியை எழுப்பாமல் போகாது. அந்தப் பேருந்தில் நம்முடையது எது? பலகையும் நிறமும் நம்முடையவை. வண்டி எப்படி வளையும், எப்போது சறுக்கும், பிரேக் மிதித்தால் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்பனவற்றை விதித்தவர் யார்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இவ்வகை ஆட்டங்களின் உள்ளே இயங்கும் இயற்பியலின் வரலாற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கணினி ஆட்டத்தின் வரலாறு வெடிகுண்டின் நிழலில் தொடங்கியது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் சிறு திரையொன்றில் டென்னிஸ் பந்தைத் துள்ளவிட்டார். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர் அவர். குண்டு செல்லும் பாதையைக் கணக்கிடும் கருவியே அன்று பந்தின் பாதையைக் கணக்கிட்டது. கருவிக்கு இரண்டும் ஒரே சமன்பாடுதான்.

அடுத்து 1962. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தைப் படைத்தார்கள். திரை நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் சிக்காமல் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். இங்கே நம் கவனத்துக்குரிய நுட்பம் ஒன்று உண்டு. விண்மீனின் ஈர்ப்பு கலங்களை இழுத்தது. அவை எய்த குண்டுகளை இழுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஈர்ப்பைக் கணக்கிடும் ஆற்றல் அன்றைய கணினிக்கு இல்லாததே காரணம். ஆகவே குண்டுகளுக்கு மட்டும் நியூட்டன் விதியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. செயற்கை உலகைப் படைப்பவன் எதற்கு எடை உண்டு, எதற்கு இல்லை என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நிலை மாறவில்லை. விலக்குப் பெறும் பொருள்கள்தாம் மாறிவருகின்றன.

‘திறந்த உலகம்’ என்பது வேறொரு கிளை. போகவேண்டிய வழியை ஆட்டம் சொல்லாது. ஓர் உலகைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் ‘எலைட்’ என்ற ஆட்டத்தில் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 கோள்கள் வீதம், மிகச் சிறிய நினைவகத்துக்குள் அடக்கினார்கள். கோள்களை அவர்கள் சேமித்துவைக்கவில்லை. தேவைப்படும்போது ஒரு சூத்திரம் அவற்றைப் பிறப்பித்தது. 2001-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ அவ்வுலகை வானிலிருந்து ஒரு நகரத்தின் தெருவுக்கு இறக்கியது. அடுத்த ஆண்டு வந்த ‘வைஸ் சிட்டி’யை நம் ஊர்களில் அறியாத இளைஞர் இல்லை. காந்திபுரத்துக் குறுக்குத் தெருக்களின் கணினி மையங்களில் மணிக் கணக்கில் காசு கொடுத்து ஆடிய தலைமுறை இன்று நடுவயதை எட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுள் பலரும் ஆட்டம் கொடுத்த பணிகளைச் செய்யவில்லை. கிடைத்த வண்டியில் ஏறி ஊரைச் சுற்றினார்கள். அதுவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் ஐந்திணையை இழுத்துவந்து, ‘திறந்த உலகத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டவன் தமிழன்’ என்று எழுதிவிட நமக்கும் கை துடிக்கத்தான் செய்கிறது. தமிழ் முதுகலை படித்த எவருக்கும் இந்நோய் உண்டு. திணை என்பது உணர்வுக்கு நிலத்தை ஒதுக்கும் கவிதை மரபு; பொருள்கள் விழுவதையும் உருள்வதையும் பற்றிய கணக்கு அன்று. இரண்டையும் குழப்பினால் திணைக்கும் பெருமையில்லை, கணக்குக்கும் பயனில்லை. மேலே செல்வோம்.

தொடக்கத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இயற்பியலைப் புதிதாக எழுதினார்கள். பின்னர் அது தனிப் பண்டமாயிற்று. 1998-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய ஹேவாக் நிறுவனம் இயற்பியலை மட்டும் எழுதி ஆட்டக்காரர்களுக்கு விற்றது. 2004-இன் ‘ஹாஃப் லைஃப் 2’ அதனை உலகறியச் செய்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த இன்னோர் எந்திரம் கைமாறிக் கைமாறி ‘பிசிக்ஸ்’ என்ற பெயருடன் 2008-இல் என்விடியா நிறுவனத்திடம் வந்தது. கைப்பேசி ஆட்டங்களைப் படைக்கப் பெரிதும் பயன்படும் யூனிட்டி என்ற பணித்தளத்தின் உள்ளே இருப்பதும் இதுவே. பொருள்கள் மோதினால், விழுந்தால், உருண்டால் என்ன ஆகும் என்று இவை கணக்கிட்டுச் சொல்லும். கணக்கின் வேர் பழையது. 1768-இல் ஆய்லர் வகுத்த முறையின் சற்றே திருத்திய வடிவமே இன்றும் ஆட்சி செய்கிறது: இக்கணத்தின் வேகத்தையும் இடத்தையும் கொண்டு அடுத்த சிறுகணத்தின் இடத்தைக் காண்பது. யூனிட்டியில் அச்சிறுகணம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் நிகழ்வன அந்த உலகில் நிகழாதவையே.

இத்தகைய உலகில் ஒரு பேருந்து உண்மையில் எதனால் ஆனது? கண்ணுக்குத் தெரியும் சன்னல்களும் இருக்கைகளும் சக்கரங்களும் வெறும் ஓவியம். கணக்குக்குத் தெரிவது ஒரு பெட்டி. அப்பெட்டிக்கு ஓர் எடை, ஓர் எடைமையம். சக்கரம் இருக்குமிடத்தில் சக்கரம் இல்லை. பெட்டியிலிருந்து தரையை நோக்கி இறங்கும் கண்காணாக் கோடு ஒன்று இருக்கிறது. கோடு தரையைத் தொடும் தொலைவைக் கொண்டு ஒரு கற்பனைச் சுருள்வில் எவ்வளவு அமுங்கியது என்று கண்டு, அதற்கேற்பப் பெட்டியை மேலே தள்ளுகிறார்கள். டயருக்கும் சாலைக்குமான பிடிமானத்தை ஒரு வளைகோடு தீர்மானிக்கிறது. டயர் சிறிது வழுக்கும்போது பிடிமானம் ஏறும். அளவு கடந்தால் இறங்கும். இவ்வளைகோட்டுக்கு முறையான வடிவம் தந்தவர்களுள் தலையானவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் பசேய்க்கா. அவர் பெயருடன் வழங்கும் சூத்திரத்தை ‘மாயச் சூத்திரம்’ என்றே பொறியாளர்கள் அழைக்கிறார்கள். அதன் உறுப்புகள் இயற்பியல் விதியிலிருந்து பெறப்பட்டவை அல்ல. சோதனையில் கிடைத்த புள்ளிகளோடு பொருந்தி வருகின்றன, அவ்வளவே. இந்த நேர்மையான பெயரிடல் நமக்குப் பிடித்திருக்கிறது.

சக்கரம் சுழல்வது நம் கண்ணுக்காக மட்டும். படியில் தொங்கும் கல்லூரி மாணவர்கள், கூரைமேல் ஏற்றிய வாழைத்தார், பின்னிருக்கையில் குவிந்த கல்யாணக் கூட்டம் என்று நம்மூர் வண்டியை ஒருபக்கம் சாய்ப்பவை எவையும் இவ்வகைப் பெட்டிக்குப் பெரும்பாலும் தெரியாது. வேறு வகையான ஆட்டங்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து 2013-இல் வெளிவந்த ‘பீம்என்ஜி’ வண்டியைப் பெட்டியாகக் கொள்வதில்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான கம்பிகளுமாகக் கொள்கிறது. கம்பி நீளும், மடங்கும், அறுந்துபோகும். நொடிக்கு இரண்டாயிரம் முறை கணக்கிட்டாக வேண்டியிருப்பதால் கைப்பேசிகளுக்கு அது எட்டாக்கனி.

இனி நம் ஊருக்கு வருவோம். கொங்குநாட்டு மோட்டார் வரலாறு ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டதில் தொடங்குகிறது. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கி, ஓட்டுவதோடு நில்லாமல் பிரித்து மாட்டிய கதை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. 1920-இல் அவர் ஒற்றைப் பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொடங்கிய போக்குவரத்து, யூ.எம்.எஸ். என்ற பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றையும் அவர் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில் அமையும் என்றார். அரசின் உரிமம் கிட்டவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இம்மனிதரின் முயற்சியால் 1945-இல் எழுந்த ஆர்தர் ஹோப் கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் முன்னோடி. வாங்கிய பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உறக்கம் கொள்ளாத குணம் ஒன்று இவ்வூருக்கு உண்டென்றால், அதன் தலைமகன் நாயுடுதான்.

பேருந்துத் தொழிலில் அவர் தனியாக இல்லை. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் இன்னொரு பெரும் பெயர். 1970-களின் தொடக்கத்தில் நாட்டுடைமை வந்தது. 1972-இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகமும், அடுத்த ஆண்டு சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகமும், 1983-இல் ஈரோட்டில் ஜீவா போக்குவரத்துக் கழகமும் பிறந்தன. 1997-இல் இப்பெயர்கள் யாவும் நீங்கித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் நிலைத்தது. சிறு முதலாளிகளின் வண்டிகளோ ஓடிக்கொண்டே இருந்தன. கோவை நகருக்குள் இன்றும் தனியார் நகரப் பேருந்துகள் ஓடுவது வெளியூரார்க்கு வியப்பு. கொங்குநாட்டில் பேருந்து முதலாளியின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ மகளின் பெயரோ வண்டியின் மேனியெங்கும் எழுதப்பட்டிருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தைக் கடக்கும் என்பதை வழித்தடத்து மக்கள் மனப்பாடமாக அறிவர்.

அந்த மேனி செய்யப்படுவது கரூரில். வண்டித் தொழிற்சாலைகள் பேருந்தை முழுமையாக விற்பது அண்மைக் காலத்து வழக்கம். எஞ்சினும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் கொண்ட வெற்றுச் சட்டமே ஓசூரிலிருந்து புறப்பட்டு வரும். அந்த அம்மணச் சேசிஸில், தலையில் துண்டை இறுக்கிக் கட்டியபடி, காற்றும் புழுதியும் முகத்தில் அறைய ஓட்டுநர் ஒருவர் நெடுஞ்சாலையில் செல்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். கரூர்ப் பட்டறைகளில் அதற்குக் கூண்டு கட்டுவார்கள். நிலைக்கால்களை நிறுத்தி, கூரை வளைவுகளைப் பற்றவைத்து, தகடு போர்த்தி, பட்டி பார்த்து, சாயம் அடித்து, இருக்கை பொருத்தி அனுப்புவார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, கரூரில் பேருந்துக் கூண்டு என்று ஐம்பது கல் சுற்றளவுக்குள் இத்தொழில் பங்கு பிரித்துக்கொள்ளப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் பொருளாதார வரலாறு எழுதுவோர் இன்னும் விரிவாக ஆராயலாம்.

கூண்டு கட்டுதல் என்பது மேனி செய்தல் மட்டும் அன்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றுச் சேசிஸின் எடைமையம் தாழ்வானது. அதன்மேல் நிறுத்தும் ஒவ்வொரு இரும்பும் அம்மையத்தை உயர்த்தும். கூரையின் தகட்டில் கனம் கூட்டினால் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். பின்புறத்தில் ஓர் இருக்கை வரிசை மிகுந்தால் முன்சக்கரத்தின் பிடி தளரும். கரூரின் மூத்த தொழிலாளர்கள் இதனைச் சமன்பாடாகக் கற்றவர்கள் அல்லர்; திரும்பி வந்த வண்டிகளில் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்துக் கற்றவர்கள். ஓசூரின் விதியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைவிட, அதனை ஒவ்வொரு கூண்டிலும் சிறிது திருத்தினார்கள் என்பதே பொருத்தம்.

பந்தயத் துறையிலும் இதே குணத்தைக் காணலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த நாள்களில், கோவையின் கரிவர்தன் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்த எளிய வண்டியே இந்தியாவின் அடுத்த தலைமுறை ஓட்டுநர்களின் அரிச்சுவடி. 1995-இல் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்களுள் ஒருவர், 1977-இல் கோவையில் பிறந்த நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்ததை இக்கட்டுரையின் பொருட்டு நினைவுகூர வேண்டும். சரிந்து உயர்ந்த பதின்மூன்றாம் வளைவின் அழுத்தத்தை மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் தாங்கவில்லை. அவற்றைப் பூட்டியிருந்த பதினான்கு கார்கள் தொடக்கத்துக்கு முன்னரே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காம் இடம் பெற்றார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்றது அதுவே முதன்முறை. ஒரு நிறுவனத்தின் சோதனைகளும் கணக்குகளும் முன்னறியாத ஒன்றை மெய்யான சாலை சொல்லிவிட்டது. 2011-இல் பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘எஃப்1 2011’ ஆட்டத்தில் எச்ஆர்டி அணியின் ஓட்டுநராக நரேன் இடம்பெற்றார். கோவைக்காரர் ஒருவர் செயற்கை உலகுக்குள் முறைப்படி நுழைந்த நிகழ்ச்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் எவ்வாறு நுழைந்தார்? ஒரு பெயராக, ஒரு தலைக்கவசத்தின் நிறமாக, பிறர் இட்ட சில எண்களாக. பந்தயத்தில் மெதுவான அணியென்று பெயரெடுத்த வண்டி அவருடையது. ஆட்டத்திலும் அதற்கு அதே விதி.

இப்போது ஜாவாச் சாலைக்குத் திரும்பலாம். நம் இளைஞர்கள் ஐரோப்பிய ஆட்டங்களை விட்டு இந்தோனேசிய ஆட்டத்தை நாடியது ஏன்? ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ போன்றவை 2012 முதலே உண்டு. கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்தது முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது முழு விடையன்று. இந்தோனேசியாவில் வாகனங்கள் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் செல்வன. தென்னை, வயல், இருபுறமும் பெட்டிக்கடை, இருசக்கர வண்டிக் கூட்டம் யாவும் நமக்குப் பழகியவை. எல்லாவற்றுக்கும் மேலாக ஹாரன். 2016 டிசம்பரில் இந்தோனேசியச் சிறுவர்கள் சாலையோரம் நின்று, ‘அண்ணா, ஹாரன் அடிங்க’ என்னும் பொருள்பட ‘ஓம் தெலோலெத் ஓம்’ என்று அட்டை ஏந்திய காணொளிகள் உலகெங்கும் பரவின. அந்த இசை ஹாரனை ஆட்டத்திலும் சேர்த்தார்கள். பல தொனி ஹாரனை மோட்டார் வாகன விதி தடுத்தும் அதனை விடாத நம் தனியார் பேருந்துகளைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, ஜாவா அயல்நாடாகத் தோன்றாததில் வியப்பென்ன?

சாயம் பூசும் முறை இது. பேருந்தின் தோலை உரித்து விரித்தாற்போன்ற தட்டையான படம் ஒன்று கிடைக்கும். அதன்மேல் வேண்டிய நிறத்தையும் எழுத்தையும் வரைந்தால், ஆட்டம் அதனை வண்டியைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். ‘லிவரி’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். புனைபெயர்களில் இயங்கும் இளைஞர்கள் இப்படங்களைச் செய்து ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்கிறார்கள். அவற்றில் நம்மை ஈர்ப்பது எழுத்து. கொங்குப் பேருந்துகளில் தூரிகை பிடித்துத் தமிழ் எழுதிய ஓவியர்களின் கையை ஒட்டுத்தாள்கள் பெரும்பாலும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. நிழல் கொடுத்து, உள்ளே வெண்கோடு இழுத்து, ஐகாரத்தின் சுழியைப் பூவாக முடித்த அவ்வெழுத்துகளைச் சில லிவரிகளில் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து மீட்டெழுதியிருக்கிறார்கள். அச்செழுத்து வரலாற்றை ஆராய்வோர் யாரும் பேருந்தின் மேனியை ஒரு மூலமாகக் கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இப்பிள்ளைகள் அறியாமலே அப்பணியைச் செய்துகொண்டிருக்கிறார்கள். மறைந்த ‘சேரன்’ பெயரை யாரேனும் அங்கே மீண்டும் எழுதியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

கரூர்த் தொழிலின் தொடர்ச்சியே இது என்று நண்பரொருவர் வாதிட்டார். பிறர் செய்த சேசிஸ்மேல் நம் கூண்டு. பிறர் எழுதிய இயற்பியலின்மேல் நம் சாயம். ஒப்புமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியே உண்மை. கரூரின் கூண்டுக்கு எடை உண்டு. அது சேசிஸின் நடத்தையை மாற்றும். தவறாகக் கட்டினால் வண்டி கவிழும். லிவரிக்கு எடையில்லை. எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் அந்தப் பெட்டியின் எடைமையம் ஓர் அங்குலமும் நகராது. ஸ்பேஸ்வாரின் குண்டுகளைப் போல நம் பேருந்தும் விதியிலிருந்து விலக்குப் பெற்ற பொருளாகவே அங்கு உலவுகிறது. விலக்கு என்பது சலுகை போலத் தோன்றும். கணக்கில் சேர்க்கப்படாமை என்பதே அதன் மறுபெயர்.

கரூரிலும் இதே காலத்தில் கணினியின் இயற்பியல் நுழைந்தது. ஆட்டமாக அன்று, சட்டமாக. பேருந்து கவிழ்ந்தால் கூண்டு நசுங்கிப் பயணிகள் மடியாதிருக்க ஐக்கிய நாடுகளின் 66-ஆம் விதிமுறை ஒரு சோதனையை வகுத்திருக்கிறது. வண்டியைச் சாயும் மேடையில் ஏற்றி, மெல்லச் சரித்து, 800 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்துக்குள் பக்கவாட்டில் விழச் செய்ய வேண்டும். விழுந்தபின் இருக்கைகளைச் சுற்றி வரையறுக்கப்பட்ட உயிர்வெளிக்குள் கூண்டின் எந்தப் பகுதியும் நுழைந்திருக்கக் கூடாது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 031 என்ற தரமும் இவ்வழிப்பட்டதே. முழு வண்டியைக் கவிழ்த்து உடைப்பது பெருஞ்செலவு. ஆகவே கணினியிலேயே கவிழ்த்துக் காட்டுவதையும் 66-ஆம் விதிமுறை ஏற்கிறது.

இதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்றான எல்எஸ்-டைனாவின் பிறப்பும் வெடிகுண்டோடு தொடர்புடையது. 1976-இல் அமெரிக்காவின் லிவர்மோர் அணு ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்க்விஸ்ட், அணுகுண்டு தரையில் மோதும்போது அதன் கூடு எவ்வாறு உருக்குலையும் என்று அறிய எழுதிய நிரல் அதன் மூதாதை. குண்டின் கூட்டுக்கு எழுதிய கணக்கு இப்போது பேருந்தின் கூண்டைத் தாங்குகிறது. கைப்பேசி ஆட்டம் நொடியை ஐம்பதாகப் பகுக்கிறது என்றோம். இங்கே நொடி ஏறத்தாழப் பத்து லட்சமாகப் பகுக்கப்படும். கூண்டு ஆயிரமாயிரம் சிறு தகடுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே வளைந்து நெளியும். கண்ணெதிரே சில நொடிகளில் முடியும் வீழ்ச்சியைக் கணக்கிட்டு முடிக்கக் கணினிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சிறு பட்டறைகளுக்கு இது எட்டாத செலவு. கையால் கூண்டு கட்டிய பலருக்கு இச்சட்டங்கள் பெருஞ்சுமையாயின. பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன. உயிர் காக்கும் விதியை நாம் குறை கூறவில்லை. கவிழ்ந்த பேருந்துகளின் படங்களைச் செய்தித்தாளில் கண்ட எவரும் கூற மாட்டார். ஆனால் எந்த இணைப்பில் முதலில் விரிசல் விடும் என்று நாற்பதாண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணின் அறிவு, எந்தக் கணக்கிலும் பதியப்படாமல் பட்டறையோடு மூடப்படுகிறது. கணினியில் கூண்டைக் கவிழ்க்கும் பொறியாளர் அத்தொழிலாளியிடம் ஒரு பிற்பகல் பேசியிருந்தால் அவர் மாதிரியில் எந்தப் புள்ளியை நுணுகிப் பகுக்க வேண்டும் என்பது விளங்கியிருக்கும்.

லிவரியிலிருந்து மேலே சென்ற இளைஞர்களும் இருக்கிறார்கள். பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளைக் கற்று, பேருந்தின் முழு உருவத்தையும், சன்னல் கம்பியும் படிக்கட்டும் ஏணியும் உட்பட, தாமே வார்க்கிறார்கள். அதற்காகப் பேருந்து நிலையங்களுக்குச் சென்று வண்டியின் நீள அகலத்தை அளப்பவர்கள் உண்டு. நடத்துனர்கள் அவர்களை ஐயத்துடன் பார்ப்பதும் உண்டு. என்விடியா தன் இயற்பியல் எந்திரத்தின் மூலநிரலை 2018 டிசம்பரில் யாவரும் படிக்கவும் திருத்தவும் ஏற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. அந்தக் கண்காணாக் கோடுகளும் சுருள்வில்லும் பிடிமான வளைகோடும் எழுதப்பட்ட வரிகள் இன்று திறந்தே கிடக்கின்றன. படியில் தொங்கும் பதினைந்து பேரின் எடையை இடப்பக்கம் சேர்க்க விரும்பும் ஒருவர் அதனைச் செய்து பார்க்கலாம். ஒருவருக்கு அறுபது கிலோ என்று கொண்டாலும் தொள்ளாயிரம் கிலோ. பதினாறு டன் வண்டியை அது வளைவில் என்ன செய்யும் என்று பல்லடம் சாலையில் ஓட்டும் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்.